சிங்குலாரிட்டின்னா என்ன? ப்ளாக் ஹோல்ல இருந்து ஏஐ வரைக்கும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளி பத்தி யாராவது பேசினாலும் சிங்குலாரிட்டிங்கறாங்க, ஏஐ பத்திப் பேசினாலும் சிங்குலாரிட்டிங்கறாங்க, ரெண்டும் ஒண்ணா, எதுக்கு ஒரே பேரு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கான்னு குழம்பறவங்க நிறைய. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எடுத்து வச்சு பதில் எழுதியிருக்கேன். கணக்குல பெரிய ஆளா இருக்கணும்னு இல்ல, வகுத்தல் தெரிஞ்சா போதும்.

சிங்குலாரிட்டின்னா ஒரே வரியில என்ன?

ஒரு சமன்பாடு விடை சொல்ல முடியாம கையை விரிக்கிற இடம். 1-ஐ 0.1-ஆல வகுத்தா 10, 0.001-ஆல வகுத்தா 1000, வகுக்கிற எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க விடை எகிறிக்கிட்டே போகும், சரியா பூஜ்யத்துல போய் நின்னா விடையே கிடையாது. கணக்குக்காரங்க இந்த மாதிரி இடத்துக்கு வச்ச பேருதான் இது. ப்ளாக் ஹோல் (ஒளிகூட தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்பு உள்ள கருந்துளை), ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எல்லாம் பின்னாடி வந்து இந்தப் பேரை வாங்கிக்கிட்டது.

அப்போ அது நிஜமான ஒரு பொருளே இல்லையா?

இதுக்கு முன்னாடி இயற்பியல்ல இப்படி முடிவிலி வந்தப்பல்லாம் என்ன ஆச்சுன்னு பாருங்க, அதுதான் நல்ல பதில்.

சூடான பொருள் எவ்வளவு ஒளி விடும்னு 19-ம் நூற்றாண்டு இயற்பியலை வச்சுக் கணக்குப் போட்டா புற ஊதாப் பக்கம் போகப் போக ஆற்றல் கட்டுக்கடங்காம ஏறி, மொத்தம் முடிவிலின்னு வரும். அப்படின்னா ஒரு அடுப்பைத் திறந்தாலே நாம சாம்பல் ஆயிடணும். 1900-ல மேக்ஸ் பிளாங்க் ஆற்றல் துண்டு துண்டாத்தான் வெளிய வரும்னு எடுத்துக்கிட்டு கணக்குப் போட்டார், முடிவிலி காணாமப் போச்சு, குவாண்டம் இயற்பியல் பிறந்தது. அதே மாதிரி அணுவுக்குள்ள சுத்தற எலக்ட்ரான், பழைய விதிப்படி ஆற்றலை இழந்துக்கிட்டே சுருண்டு கண் இமைக்கிற நேரத்துல ஒரு சின்னப் பகுதிக்குள்ளயே மையத்துல போய் விழுந்தாகணும், அங்க மின் ஈர்ப்பு முடிவிலி. 1913-ல நீல்ஸ் போர் அப்படி விழாதுன்னு புது விதி கொண்டு வந்தார். இன்னொண்ணு, குழாயில இருந்து தண்ணி சொட்டும்போது சொட்டு கழுத்து மெலிஞ்சு அறுந்து விழற அந்தக் கணத்துல, திரவ ஓட்டச் சமன்பாடு வளைவு முடிவிலின்னு சொல்லுது, ஆனா தண்ணி மூலக்கூறுகளால ஆனது, அந்த அளவு சின்னதுல சமன்பாடே செல்லாது, சொட்டு பாட்டுக்கு விழுந்துட்டுப் போகுது.

மூணுலயும் தப்பு நம்ம சூத்திரத்துமேல. அதனாலதான் ப்ளாக் ஹோல் நடுவுல "முடிவிலி அடர்த்தி இருக்கு"ன்னு யாராவது அடிச்சுச் சொன்னா எனக்கு ஒத்துக்க மனசு வராது. இருக்குன்னு நம்ம சமன்பாடு சொல்லுது, அவ்வளவுதான் சொல்லலாம்.

ப்ளாக் ஹோல்ல இது முதல்ல எங்க தலைகாட்டிச்சு?

ஈர்ப்புன்னா வெளியும் காலமும் வளையறதுதான்னு சொல்ற பொதுச் சார்பியலை ஐன்ஸ்டைன் 1915 நவம்பர்ல முடிக்கறார். ஒரு மாசம்கூட சரியா ஆகல, முதல் உலகப்போர்ல ராணுவத்துல இருந்த கார்ல் ஷ்வார்ஸ்சைல்டுங்கற ஜெர்மன் வானியலாளர், ஒரு உருண்டையான நிறையைச் சுத்தி வெளி எப்படி வளையும்னு அந்தச் சமன்பாட்டுக்கு விடை கண்டுபிடிச்சு ஐன்ஸ்டைனுக்கே எழுதி அனுப்பறார். அடுத்த மே மாசமே நோய் வந்து இறந்துட்டார். அந்த விடையில ரெண்டு இடத்துல சமன்பாடு உடையுது: ஒண்ணு நட்ட நடு மையம், இன்னொண்ணு மையத்துல இருந்து ஒரு குறிப்பிட்ட தூரம். அந்தத் தூரம் நிறையைப் பொறுத்தது, சூரியனுக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர், பூமிக்கு 9 மில்லிமீட்டர்.

இதுல ரெண்டாவது இடம் பல வருஷம் எல்லாரையும் ஏமாத்திச்சு. வட துருவத்தோட தீர்க்கரேகை என்னன்னு கேட்டா பதில் கிடையாது, எல்லா ரேகையும் அங்க வந்து கூடிடும், ஆனா துருவத்துல நிக்கிற ஆளுக்குத் தரை ஒழுங்காத்தான் இருக்கும். கோளாறு நாம போட்ட கட்டத்துல. அந்த 3 கிலோமீட்டர் கதையும் அதேதான்னு 1933-ல ஜார்ஜ் லெமெட்ர் காட்டினார், 1958-ல டேவிட் ஃபின்கல்ஸ்டைன் அது உள்ள போகலாம் வெளிய வர முடியாதுங்கற ஒருவழி எல்லைன்னு தெளிவாப் புரிய வச்சார். அதுதான் ஈவென்ட் ஹொரைசன். வேற வரைபடம் போட்டா அது சரியாயிடுது. மையத்துல இருக்கறது மட்டும் எந்த வரைபடம் போட்டாலும் போக மாட்டேங்குது.

அப்போ ஈவென்ட் ஹொரைசனும் சிங்குலாரிட்டியும் வேற வேறயா?

வேற. ஹொரைசன் ஒரு எல்லை, அங்க சமன்பாடு நல்லா வேலை செய்யுது. பெரிய ப்ளாக் ஹோலா இருந்தா அதைத் தாண்டறவனுக்குத் தாண்டினதே தெரியாது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏஐ பத்திப் பேசும்போது திரும்ப வேணும்.

நட்சத்திரம் நிஜமாவே ஒரு புள்ளியா சுருங்குமா, நடுவுல எதுவும் தடுக்காதா?

இதைத்தான் பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் நம்ப மறுத்தாங்க. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம், நெருக்கி வச்ச எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ற அழுத்தத்துல தாங்கி நிக்கணும்னா சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறைதான் உச்சவரம்புன்னு சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ல இங்கிலாந்துக்குப் போற கப்பல் பயணத்துலயே கணக்குப் போட ஆரம்பிச்சார். 1935-ல பெரிய வானியலாளரான ஆர்தர் எடிங்டன் சபையில வச்சு அதைக் கேலி பண்ணினார், நட்சத்திரம் இப்படி அபத்தமா நடந்துக்காம இருக்க இயற்கையில ஒரு விதி இருந்தாகணும்னார். சந்திரசேகருக்கு நோபல் வந்தது 1983-ல.

1939-ல ஓப்பன்ஹைமரும் ஹார்ட்லேண்ட் ஸ்னைடரும் ஒரு உருண்டைத் தூசி மேகம் நிக்காம சுருங்கிக்கிட்டே போகும்னு காட்டினாங்க. அதே வருஷம் ஐன்ஸ்டைன் இப்படியெல்லாம் இயற்கையில உருவாகாதுன்னு ஒரு கட்டுரை எழுதினார், பாவம். ஆனா சந்தேகப்பட்டவங்க பக்கமும் நியாயம் இருந்துச்சு. அச்சு பிசகாத உருண்டையா இருந்தா எல்லாத் துகளும் நேரா மையத்துக்கு வந்து முட்டும், நிஜ நட்சத்திரம் அப்படி இல்லையே, சுத்தும், கோணலா இருக்கும், துகள்கள் ஒண்ணையொண்ணு தவற விட்டுட்டு மறுபடி வெளிய வந்துடலாமேன்னு கேட்டாங்க.

அந்த வாதத்தை மூடினது 1965-ல ரோஜர் பென்ரோஸ். ஒரு பகுதியில ஈர்ப்பு ஒரு அளவைத் தாண்டி, வெளிய விட்ட ஒளிகூட உள்பக்கமாத்தான் குவியுங்கற நிலை வந்துட்டா, வடிவம் எப்படி இருந்தாலும் சரி, சிங்குலாரிட்டியைத் தவிர்க்க முடியாதுன்னு நிரூபிச்சார். இதுக்கு அடித்தளமா இருந்த சமன்பாட்டை கொல்கத்தாவுல இருந்த அமல் குமார் ராய்சௌத்ரி 1955-லயே வெளியிட்டுட்டார், அவர் பேர் அதிகம் பேசப்படறதில்லங்கறது என் ஆதங்கம். பென்ரோஸுக்கு 2020-ல நோபல்ல பாதி கிடைச்சுது, மீதியை நம்ம கேலக்ஸி நடுவுல இருக்கற ராட்சதப் பொருளை வருஷக்கணக்கா கவனிச்ச ரைன்ஹார்ட் கென்ஸெலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் பங்கு போட்டுக்கிட்டாங்க.

ஒரு விஷயம், பென்ரோஸ் தேற்றத்துல "அடர்த்தி முடிவிலி ஆகும்"னு எங்கயும் இல்ல. உள்ள போற ஒரு ஒளிக்கதிரோட பாதை ஒரு இடத்துல அப்படியே நின்னு போயிடும், அதுக்கப்புறம் தொடர வழி இல்ல, அவ்வளவுதான் அது சொல்லுது. அங்க என்ன ஆகும்ங்கறதைப் பத்தி தேற்றம் வாயே திறக்கல.

உள்ள விழுந்தா சிங்குலாரிட்டி வழியில எதிர்ல வருமா, ஒதுங்கிப் போயிடலாமா?

சுத்தாத ப்ளாக் ஹோல்ல முடியாது. ஹொரைசனுக்குள்ள போனதும் மையத்தை நோக்கிய திசை நமக்குக் காலமாவே மாறிடுது, அதனால சிங்குலாரிட்டி ஒரு இடமா எங்கயோ உக்காந்திருக்கல, அது உங்க எதிர்காலத்துல வரப்போற ஒரு நேரம். நாளைக்குப் பொழுது விடியறதை இடதுபக்கம் ஒதுங்கித் தப்பிக்க முடியுமா, அந்தக் கதைதான். எவ்வளவு ராக்கெட் வச்சு முண்டினாலும் உங்க கடிகாரப்படி ஒரு உச்சவரம்பு உண்டு: சூரிய நிறை ப்ளாக் ஹோல்ல சுமார் 15 மைக்ரோ செகண்ட், நம்ம கேலக்ஸி நடுவுல இருக்கற 40 லட்சம் சூரிய நிறை உள்ளதுல ஒரு நிமிஷம் சொச்சம், எம்87 கேலக்ஸியில இருக்கற 650 கோடி சூரிய நிறை ஆசாமிக்கிட்ட ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேல. இதெல்லாம் சுத்தாததுன்னு வச்சுப் போட்ட கணக்கு. சுத்தற ப்ளாக் ஹோலுக்கு 1963-ல ராய் கெர் விடை கண்டுபிடிச்சார், அதுல சிங்குலாரிட்டி புள்ளியா இல்லாம வளையமா வருது, கதை இன்னும் சிக்கல்.

2019-ல ப்ளாக் ஹோலைப் படம் எடுத்தாங்களே, அதுல சிங்குலாரிட்டி தெரியுதா?

இல்ல. 2019 ஏப்ரல் 10-ல வெளியான எம்87 படத்துலயும் சரி, 2022 மே மாசம் வந்த நம்ம கேலக்ஸி படத்துலயும் சரி, தெரியற வெளிச்சம் ஹொரைசனுக்கு வெளிய கொதிக்கிற வாயுவோடது, நடு இருட்டு ப்ளாக் ஹோலோட நிழல். ஹொரைசன் மூடியிருக்கற வரைக்கும் உள்ள இருக்கறதைப் பாக்கவே முடியாது. அப்படி மூடாம வெளிய தெரியற சிங்குலாரிட்டி இயற்கையில வராதுன்னு பென்ரோஸ் 1969-ல ஒரு ஊகம் வச்சார், இன்னிக்கு வரைக்கும் முழுசா நிரூபணம் ஆகல. இது மேல 1991-ல வராதுன்னு ஸ்டீபன் ஹாக்கிங் ஒருபக்கம், வரலாம்னு கிப் தோர்னும் ஜான் பிரெஸ்கிலும் இன்னொரு பக்கம் பந்தயம் கட்டினாங்க. கம்ப்யூட்டர்ல ரொம்ப நுணுக்கமா ஆரம்ப நிலையைத் திருகி வச்சா மூடாத சிங்குலாரிட்டி வருதுன்னு தெரிஞ்சதும் 1997-ல ஹாக்கிங் தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு டி-ஷர்ட் கொடுத்தார், கையோட விதியைக் கொஞ்சம் இறுக்கி அடுத்த பந்தயமும் கட்டிட்டார்.

பிக் பேங்கும் சிங்குலாரிட்டிதானா?

1,380 கோடி வருஷத்தைப் பின்னாடி ஓட்டினா சமன்பாடு அப்படித்தான் சொல்லுது, 1970-ல ஹாக்கிங்கும் பென்ரோஸும் சேர்ந்து அதையும் உள்ளடக்கின தேற்றத்தை வெளியிட்டாங்க. ஆனா ஆரம்பத்தோட முதல் 10-இன் மைனஸ் 43 அடுக்கு செகண்டுக்கு முன்னாடி குவாண்டம் விளைவுகளை விட்டுட்டுக் கணக்கே போடக்கூடாது, பொதுச் சார்பியல் அந்த விளைவுகளைக் கண்டுக்கறதே இல்ல. ஹாக்கிங்கே பின்னாடி குவாண்டத்தைச் சேர்த்தா ஆரம்ப சிங்குலாரிட்டி இல்லாமப் போகலாம்ங்கற பக்கம் வந்துட்டார். இயற்பியலாளர் அபய் அஷ்டேகர் குழு 2006-ல, ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்க்கப் பாக்கற லூப் குவாண்டம் முறையில, எளிமையாக்கின ஒரு பிரபஞ்ச மாதிரிக்குக் கணக்குப் போட்டப்போ அங்க முடிவிலிக்குப் பதிலா ஒரு எகிறல் வந்தது, அதாவது முன்னாடி சுருங்கிக்கிட்டிருந்த பிரபஞ்சம் ஒரு அளவுக்கு மேல சுருங்க முடியாம திரும்பி விரியுது. கணக்கு அழகு, ஆனா சோதனைச் சான்று இன்னும் எதுவும் கைக்கு வரல.

சரி, டெக்னாலஜிக்கு இந்தப் பேரு எப்படிப் போச்சு?

கணித மேதை ஜான் வான் நாய்மன் 1957-ல இறந்ததும் அவர் நண்பர் ஸ்டானிஸ்லா உலாம் 1958-ல ஒரு அஞ்சலி எழுதினார், அதுல ரெண்டு பேரும் பேசிக்கிட்ட ஒரு விஷயம் வருது: தொழில்நுட்பம் வேகமெடுத்துக்கிட்டே போறதைப் பார்த்தா மனுஷ வரலாறு ஏதோ ஒரு சிங்குலாரிட்டியை நெருங்கற மாதிரி இருக்கு, அதுக்கப்புறம் நாம அறிஞ்ச மாதிரி வாழ்க்கை தொடர முடியாதுன்னு. 1965-ல கணிதவியலாளர் ஐ. ஜே. குட் இன்னும் கூர்மையாச் சொன்னார், மனுஷனை மிஞ்சின ஒரு மெஷின் வந்தா அது தன்னைவிட நல்ல மெஷினைச் செய்யும், அது இன்னும் நல்லதைச் செய்யும், அப்போ முதல் மெஷின்தான் மனுஷன் செய்ய வேண்டிய கடைசிக் கண்டுபிடிப்புன்னு. இந்தப் பேரைப் பரப்பினவர் வெர்னர் விஞ்ச், கணக்கு வாத்தியார், அறிவியல் புனைகதை எழுதறவர். 1993-ல நாசா நடத்தின ஒரு கருத்தரங்குல 30 வருஷத்துக்குள்ள மனுஷனை மிஞ்சின அறிவை உருவாக்கற வசதி வந்துடும், 2005-க்கு முன்னாடியோ 2030-க்குப் பின்னாடியோ நடந்தா ஆச்சரியப்படுவேன்னார். 2024-ல அவர் இறந்துட்டார். ரே கர்ஸ்வைல் 2005-ல 2045-னு ஒரு வருஷத்தையே குறிச்சுக் கொடுத்தார்.

குட், விஞ்ச், கர்ஸ்வைல் மூணு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லலங்கறதைக் கவனிங்க. குட் சொன்னது ஒரு சங்கிலி வினை. கர்ஸ்வைல் சொல்றது மனுஷனும் மெஷினும் கலந்துடறது. விஞ்ச் சொன்னது, நம்மைவிட அறிவான ஒண்ணு வந்தபிறகு என்ன நடக்கும்னு நம்மால ஊகிக்கவே முடியாதுன்னு. விஞ்ச் சொன்னது உண்மையில ஹொரைசன், சிங்குலாரிட்டி இல்ல. இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு அந்தப் பக்கம் தெரியாதுங்கறாரே தவிர, எதுவும் முடிவிலிக்குப் போகும்னு சொல்லல. பேரு மட்டும் மாத்தி வச்சாச்சு, இனி யாரும் திருத்தப் போறதில்ல.

சிப் வேகம் எக்ஸ்போனென்ஷியலா ஏறுதே, அப்போ சிங்குலாரிட்டி வந்துதானே ஆகணும்?

வர வேண்டியதில்ல, இங்கதான் முக்கால்வாசி பேர் சறுக்கறாங்க. கார்டன் மூர் 1965-ல சிப்புல இருக்கற உறுப்புகள் வருஷா வருஷம் இரட்டிக்குதுன்னார், 1975-ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்திக்கிட்டார். 1971-ல இன்டெல் 4004-ல 2,300 டிரான்சிஸ்டர், இப்போ ஏஐ சிப்புகள்ல பல்லாயிரம் கோடி. பிரமிப்புதான். ஆனா எக்ஸ்போனென்ஷியல்னா ஒரே இடைவெளியில இரட்டிக்கிட்டே போறது, அப்படிப் போற எதுவும் எந்தத் தேதியிலயும் முடிவிலியைத் தொடாது. எந்த வருஷம் கேட்டாலும் ஒரு எண் சொல்லலாம், பெரிய எண்ணா இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கோட்டுல "இங்க செங்குத்தா ஏறுது"ங்கற இடம்னு ஒண்ணு கிடையாது, எங்க நின்னு பார்த்தாலும் பின்னாடி தட்டையா, முன்னாடி செங்குத்தாத்தான் தெரியும்.

முடிவிலி வரணும்னா இரட்டிக்கிற இடைவெளியே சுருங்கணும். முதல் தடவை 1 வருஷம், அடுத்து 6 மாசம், அடுத்து 3 மாசம், அதுக்கப்புறம் ஒன்றரை மாசம்னு போனா, எல்லா இடைவெளியையும் கூட்டினா 2 வருஷம்தான், அதுக்குள்ள எண்ணிலடங்கா தடவை இரட்டிச்சாச்சு. இதுக்கு ஹைப்பர்போலிக் வளர்ச்சின்னு பேரு. நிஜமான கணித சிங்குலாரிட்டி இதுலதான் இருக்கு, தேதியோட.

அப்படி ஒண்ணு எப்பவாவது நிஜத்துல நடந்திருக்கா?

நடந்துச்சு, பாதி தூரம். 1960-ல ஹைன்ஸ் வான் ஃபோர்ஸ்டரும் ரெண்டு சகாக்களும் ரெண்டாயிரம் வருஷ உலக மக்கள்தொகைக் கணக்கை எடுத்து வச்சு, இது எக்ஸ்போனென்ஷியல் இல்ல, ஹைப்பர்போலிக்னு கண்டுபிடிச்சாங்க. அந்தக் கோட்டை நீட்டினா 2026 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை மக்கள்தொகை முடிவிலி. பாதி குறும்புதான், ஆனா பழைய தரவோட அந்தக் கோடு ரொம்ப நல்லாப் பொருந்திச்சு. 100 கோடி 1804 வாக்குல, 200 கோடி 1927-ல, அதாவது சுமார் 123 வருஷம். 400 கோடி 1974-ல, 47 வருஷம். கோடு உண்மையா இருந்தா அடுத்தது இன்னும் சீக்கிரம் வந்திருக்கணும். 800 கோடி வந்தது 2022-ல, 48 வருஷம். இடைவெளி சுருங்கறது நின்னுடுச்சு. 1960-கள்ல வருஷத்துக்கு 2 சதவீதத்தைத் தாண்டின வளர்ச்சி இப்போ 1 சதவீதத்துக்கும் கீழ. பேரழிவு எதுவும் வந்து நிறுத்தல, படிப்பு, மருத்துவம், கருத்தடைன்னு வந்ததும் ஜனங்க குறைவா பெத்துக்க ஆரம்பிச்சாங்க. சூத்திரத்துல இல்லாத ஒண்ணு நடுவுல புகுந்துடுச்சு, தண்ணிச் சொட்டுல மூலக்கூறு புகுந்த மாதிரியேதான்.

ஆனா ஏஐ தன்னைத்தானே மேம்படுத்திக்கிட்டா இடைவெளி சுருங்குமே?

சுருங்கலாம், குட் வாதத்தோட பலமே அதுதான், சும்மா தள்ளிவிட முடியாது. மனுஷன் ஆராய்ச்சி பண்ற வரைக்கும் ஆராய்ச்சி வேகத்துக்கு மனுஷ மூளை ஒரு வரம்பு, அந்த மூளையையே மெஷின் மாத்திட்டா வரம்பு ஏறிக்கிட்டே போகும். நான் கேக்கறது, யோசிக்கறது மட்டும்தான் தடையா இருக்கா? சிப் ஃபேக்டரி கட்ட வருஷங்கள் ஆகுது, மின்சாரம் வேணும், மருந்து வேலை செய்யுதான்னு பாக்க உடம்பு அதோட வேகத்துலதான் பதில் சொல்லும். போதாததுக்கு, கண்டுபிடிப்பு போகப் போகக் கஷ்டமாவும் ஆகுது: மூர் சொன்ன அதே இரட்டிப்பைக் காப்பாத்த 1970-களோட ஆரம்பத்துல தேவைப்பட்டதைப் போல 18 மடங்குக்கு மேல ஆராய்ச்சி உழைப்பு இப்போ தேவைன்னு 2020-ல நாலு பொருளாதார நிபுணர்கள் கணக்குக் காட்டினாங்க. அறிவு கூடற வேகத்துக்கும் பிரச்சினை கஷ்டமாகற வேகத்துக்கும் போட்டி, எது ஜெயிக்கும்ங்கறதுதான் முழுக் கேள்வியும். விமானத்துல எது ஜெயிச்சுதுன்னு தெரியும், 1903-ல மனுஷன் விமானத்துல பறக்க ஆரம்பிச்சான், 1976-ல ஒலியை மிஞ்சி ஆள் ஏத்திக்கிட்டுப் போக ஆரம்பிச்ச கான்கார்டு 2003-ல நின்னுடுச்சு, இன்னிக்குப் பயணிகள் விமானம் 1960-கள்ல போன வேகத்துலதான் போகுது.

அப்போ ஏஐ பத்திப் பயப்பட வேணாம்ங்கறீங்களா?

அப்படிச் சொல்லவே இல்ல. வேலை போறது, தப்பான கையில சிக்கறது, கட்டுப்பாடு நழுவறது, இதுக்கெல்லாம் முடிவிலி தேவையே இல்ல, சாதாரண வேகமே போதும்.

எதைப் பார்த்தா நீங்க நம்புவீங்க?

இடைவெளியைத்தான் பார்ப்பேன். புது மாடல் எவ்வளவு நல்லா இருக்குங்கறது பெரிய சேதியில்ல, ஒரு அளவுகோலை எடுத்துக்கிட்டு, உதாரணமா மனுஷனுக்கு இத்தனை மணி நேரம் எடுக்கற வேலையை ஏஐ தனியா முடிக்குதுங்கற அளவை எடுத்துக்கிட்டு, அது இரட்டிக்க எடுத்த மாசங்களை வரிசையா எழுதிப் பாருங்க. அந்த மாசக்கணக்கு ஒரே மாதிரி இருந்தா அது எக்ஸ்போனென்ஷியல், நீண்டுக்கிட்டே போனா சமதளத்துக்குப் போகுது. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லாம வரிசையா அஞ்சாறு தடவை சுருங்கிக்கிட்டே வந்தா, அதுவும் செலவழிச்ச பணமும் மின்சாரமும் அதே அளவுக்கு ஏறாம தானா சுருங்கினா, அன்னிக்கு நானும் தேதி கணக்குப் போட உக்காருவேன்.